டிரம்ஸ் வாசித்தது நான்தான்

மே 14, ஞாயிறு

ஹோபார்ட்டிலிருந்து இசைத்தட்டு வந்துவிட்டது. விற்றவன் தன் குறிப்பில் "ஏறக்குறையப் புதிது" என்று எழுதியிருந்தான். ஊசியை வைத்ததும் வாணலியில் பேக்கன் வறுபடுகிற சத்தம். அலிஸ்டர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "பாட்டுக்கு நடுவுல மழை பெய்யுதா, மழைக்கு நடுவுல பாட்டா?" என்று கேட்டான். கட்டிக்கொண்ட நாளிலிருந்தே இவனுக்கும் என் தட்டுகளுக்கும் ஆகாது. இன்னொரு அலமாரிக்கு இடம் கேட்டால், விதை உருளைக்கிழங்கை எங்கே வைப்பது என்று என்னையே கேட்கிறான்.

விற்றவனுக்குப் புகார் எழுதினேன். "உங்கள் ஊசியைச் சோதியுங்கள்" என்று பதில் வந்தது. எல்லா அயோக்கியர்களும் எழுதுகிற அதே வரி.

வெளியே துறைமுகம் தெரியாத அளவுக்கு மழை. மதியம் முழுவதும் என்னிடம் இருக்கும் தட்டுகளை இணையத் தரவுத்தளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். உலகத்தில் அச்சான ஒவ்வொரு தட்டுக்கும் அங்கே ஒரு பக்கம். யார் பாடியது, யார் வாசித்தது, எந்த ஊரில் அச்சானது என்று எங்களைப் போன்ற பைத்தியங்கள் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து எழுதியது. அதே பக்கத்தின் ஓரத்தில் சந்தை: யாரிடம் விற்பனைக்கு இருக்கிறது, என்ன விலை.

வரிசையில் டிரைடாக்ஸ் வந்தது. எங்கள் டிரைடாக்ஸ் குழு. "ஐந்தரை மணிப் பேருந்து", 1983, சின்னத் தட்டு.

பாட்டு, கிதார்: மரே பிரிங்கிள். பேஸ்: நெவில் ஷா. டிரம்ஸ்: கிளைவ் ஹோல்டன்.

மூடி வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன். சர்க்கரை போட மறந்து குடித்திருக்கிறேன்.

மே 15

உறையில் கிளைவ் பெயர் இருப்பது எனக்குப் புதிதில்லை. பதிவு முடிந்து மூன்றாம் வாரம் மரே வந்து, "வேன்ல நாலு ஊர் சுத்தணும் ரே, ரெண்டு பசங்க நடுவுல ஒரு பொண்ணுன்னா தொந்தரவு" என்று சொல்லி என்னைக் கழற்றிவிட்டான். அப்போது உறை அச்சுக்குப் போகவில்லை. வேனில் ஏறியவன் கிளைவ். அதனால் உறையிலும் ஏறிவிட்டான்.

முந்நூறு தட்டு அச்சடித்தோம். முந்நூறு பேரிடம் போன பொய், தொலையட்டும் என்று விட்டிருந்தேன். இப்போது அது உலகம் முழுக்கப் போகிறது. பக்கத்தின் கீழே ஒருவன் எழுதியிருக்கிறான்: "கடைசிச் சுற்றில் கிளைவ் வேண்டுமென்றே அடிக்காமல் விடும் அந்த ஓர் அடி! மேதை!"

மேதையாம்! அடேய், அது குச்சி முறிஞ்சதுடா. என் குச்சி!

மே 16

திருத்தினேன். டிரம்ஸ்: ரேவின் கில்கிரிஸ்ட். என் பெயரை நானே தட்டச்சு செய்யும்போது இரண்டு முறை எழுத்துப்பிழை விட்டேன். எதற்குத் தடுமாற வேண்டும்? திருடவா செய்கிறேன்?

மே 17

போய்விட்டது. மறுபடி கிளைவ்.

நீக்கியவர் பெயர் வார்டன்42. வெலிங்டன்காரர். பல்லாயிரம் பக்கங்களைச் சரிபார்த்தவராம். காரணமும் எழுதியிருக்கிறார்: தட்டிலோ உறையிலோ அச்சானது மட்டுமே செல்லும்.

"நான்தான் வாசித்தேன்" என்று எழுதினேன்.

"இருக்கலாம். ஆனால் அச்சில் இல்லை" என்று பதில் போட்டார்.

மே 20, சனி

மூன்று முறை போட்டேன், மூன்று முறை நீக்கினார். நான்காவது முறை கொஞ்சம் இறங்கி வந்து எழுதினார்: "பதிவின்போது உடன் வாசித்தவர் யாராவது பொதுவில் எழுதிச் சொன்னால் பரிசீலிக்கலாம். கோபம் வேண்டாம், அம்மணி."

அம்மணியாம்.

உடன் வாசித்தவர்கள் இரண்டு பேர். நெவில் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. மிச்சம் மரே.

மே 21

மரேயைக் கூப்பிட்டேன். பேசி எத்தனையோ வருஷம். குரலில் மட்டும் இன்னும் மேடை இறங்காத தோரணை.

"ரே! உயிரோடதான் இருக்கியா?"

"இருக்கேன். டிரம்ஸ் வாசிச்சது நான்னு ரெண்டு வரி எழுதிக் குடு."

"அட விடும்மா. ஆகஸ்ட்ல கச்சேரி வெச்சிருக்கோம். கிளைவ் இப்பத்தான் நெஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு எழுந்து உக்காந்திருக்கான். அவன் மனசை எதுக்கு நோகடிக்கணும்?"

"என் மனசு?"

"உனக்குத்தான் எப்பவும் கல்லு மனசாச்சே." சிரித்தான். "உறையில என்ன இருக்கோ அதுதான், ரே. அது சரித்திரம் ஆயிடுச்சு."

சரித்திரம். இவன் எழுதினது, இவனே அச்சடிச்சது, இவனே சரித்திரம்னு பேர் வெச்சுட்டான்.

மே 22

நாள் முழுவதும் காது பரிசோதனை நிலையத்தில் உட்கார்ந்து, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிழவர்கள் கேட்காத சத்தத்துக்கெல்லாம் கையைத் தூக்குகிறார்கள். நான் அடித்த சத்தத்துக்கு ஒருத்தனும் தூக்கமாட்டேன் என்கிறான்.

அலிஸ்டர் சாயங்காலம் சீஸ் ரோல் சுட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். "விட்டுடேன், ரே. யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்க்கிறேன்ல?"

தனக்கென்று வைத்திருந்த ரோலையும் என் ரோலோடு சேர்த்து வைத்துவிட்டுப் போனான். நல்லவன்தான். ஆனால் விடச் சொல்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கிறார்கள், அதுதான் எரிச்சல்.

மே 27

குளித்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. தரவுத்தளத்துக்குத்தானே வார்டன்? சந்தைக்கு இல்லையே! விற்பனைக் குறிப்பில் யார் என்ன எழுதினாலும் எவனும் கை வைப்பதில்லை. வைத்திருந்தால் அந்த ஹோபார்ட்காரன் "ஏறக்குறையப் புதிது" என்று எழுதியிருக்க முடியுமா?

தலையைக்கூடத் துவட்டாமல் என் பிரதியை விற்பனைக்குப் போட்டேன். மூவாயிரம் டாலர். எவனும் வாங்கக் கூடாது, எல்லோரும் படிக்க வேண்டும். எழுதியது இது:

"தட்டு: நன்று. உறை: நன்று. உறையில் உள்ள பெயர்: பொய். டிரம்ஸ் வாசித்தது நான்தான். கடைசிச் சுற்றில் எல்லோரும் சிலாகிக்கும் அந்த விடுபட்ட அடி மேதைமை அல்ல. என் குச்சி முறிந்தது."

இப்போது அந்தப் பக்கத்துக்கு யார் வந்தாலும் மேலே கிளைவ், ஓரத்தில் நான்.

மே 29

வார்டன் எழுதினார்: "இது விதியின் நோக்கத்துக்கு எதிரானது."

"விதியின் வாசகத்துக்கு எதிரானதா?" என்று கேட்டேன்.

என் விற்பனைக் குறிப்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஜூன் 6

நகோயாவிலிருந்து ஒரு ஆள் மூவாயிரம் டாலருக்கு ஆர்டர் போட்டுவிட்டான்! அலிஸ்டர் துள்ளினான், கூரை மாற்றலாம் என்றான். நான் ரத்து செய்தேன். நகோயாக்காரன் எனக்கு மதிப்பீடு கொடுத்திருக்கிறான்: "நம்பத் தகாத விற்பனையாளர்." சரி. இருந்துவிட்டுப் போகிறேன். நாலாயிரம் என்று மாற்றித் திரும்பவும் போட்டேன்.

அலிஸ்டர் வாளியைக் கொண்டுபோய் ஒழுகுகிற இடத்தில் வைத்தான். கொஞ்சம் சத்தமாகவே வைத்தான்.

ஜூன் 19

நெஞ்சு கொதிக்கிறது.

என் சண்டையைப் பார்க்க வருகிற கூட்டத்தில் தட்டுக்குக் கிராக்கி வந்துவிட்டது போலிருக்கிறது. லீட்ஸில் ஒரு வியாபாரி, படத்தில் பெரிய மீசை, தன் பிரதியை வெளியே எடுத்திருக்கிறான். அவன் குறிப்பைப் படித்தேன். "தட்டு: நன்று. உறை: நன்று. உறையில் உள்ள பெயர்: பொய். டிரம்ஸ் வாசித்தது நான்தான்."

என் குறிப்பை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறான். சந்தையில் எவன் சொந்தமாக எழுதுகிறான்? மேலே இருப்பதை எடுத்து ஒட்டி விலையைக் குறைப்பதுதான் வழக்கம். ஒட்டினானே, படித்துப் பார்த்தானா? லீட்ஸில் இருக்கிற மீசைக்காரன் டிரம்ஸ் வாசித்தானாம். அவன் குச்சி முறிந்ததாம்!

ஜூன் 23

ஒசாகாவிலும் ஒருவன். அடிலெய்டில் இன்னொருவன். எல்லோரும் "நான்தான்."

அட பாவிங்களா! நாப்பது வருஷமா ஒருத்தன் வெச்சிருந்தான். இப்ப நாலு பேரா?

அலிஸ்டர் திரையை எட்டிப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். மழையில், குடை இல்லாமல். ஜன்னல் வழியாக அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து எனக்கும் தாங்கவில்லை, சிரித்துவிட்டேன். அழவும் செய்தேன். இரண்டும் சேர்ந்தே வந்தது.

ஜூன் 28

தளத்தின் விவாதப் பகுதியில் யாரோ ஆரம்பித்துவிட்டார்கள்: "டிரைடாக்ஸுக்கு மொத்தம் எத்தனை டிரம்மர்?" இருநூறு பதில். லீட்ஸ்காரனைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள். ஒட்டியது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதானே? இல்லை. "எண்பதுகளில் நான் நியூசிலாந்து போயிருக்கிறேன்" என்று எழுதுகிறான்! அந்த வாய்க்கு ஒரு மாலை போட வேண்டும்.

கூட்டத்தில் பாதிப் பேர் அவனை நம்புகிறார்கள். என்னை "அந்த நாலாயிரம் டாலர் பெண்மணி" என்கிறார்கள். நானும் எழுதினேன்: "நான் அங்கே பிறந்து, அங்கே வாசித்து, இன்னும் அங்கேதான் இருக்கிறேன். வந்து பாருங்கள்."

ஜூன் 30

மரே எழுதியிருக்கிறான்.

நான் கெஞ்சியபோது வராதவன். லீட்ஸ் மீசைக்காரன் டிரைடாக்ஸில் வாசித்ததாகச் சொன்னதை மட்டும் அவனால் பொறுக்க முடியவில்லை. வரிக்கு வரி மரேதான், எழுத்தில்கூட மார்பைத் தட்டுகிறான்:

"நான் மரே பிரிங்கிள். டிரைடாக்ஸ் என் குழு. கண்டவனெல்லாம் என் குழுவுல வாசிச்சேன்னு கிளம்பாதீங்கடா. டிரம்ஸ் வாசிச்சது ரேவின் கில்கிரிஸ்ட். முறிஞ்சது ரேவின் குச்சி. அந்தத் துண்டு பறந்து வந்து என் நெத்தியில அடிச்சுது. தழும்பைப் பாருங்க."

கீழே படம். வழுக்கை ஏறிய நெற்றியில், இடது புருவத்துக்கு மேல், சின்னதாக வெள்ளைக் கோடு.

இது எனக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்கு அவன் பாட்டை நிறுத்தவில்லையே! அப்போது நெற்றியை மறைக்கிற முடி. ரத்தம் வந்திருக்கும், இல்லையா? வந்தும் பாடி முடித்திருக்கிறான். பாவி.

ஜூலை 1

வார்டன்42 திருத்திவிட்டார். டிரம்ஸ்: ரேவின் கில்கிரிஸ்ட். பக்கத்தில் சின்ன எழுத்தில் "உறையில் குறிப்பிடப்படவில்லை."

எனக்குத் தனியாக ஒரு வரி: "விதிப்படி இப்போது சரி. வாழ்த்துகள்."

"விதிக்கு முன்னாடியும் சரிதான்" என்று பதில் போட்டேன்.

ஜூலை 8

கிளைவ் கூப்பிட்டான். சண்டைக்கு என்றுதான் நினைத்தேன். மூச்சு வாங்க வாங்கப் பேசினான்.

"ரேவின், ஒண்ணு சொல்லட்டுமா? கச்சேரிக்குக் கச்சேரி அந்த அடியை விடு, அந்த அடியை விடுன்னு கத்துவானுங்க. நான் விட்டா, மறந்துட்ட மாதிரிதான் இருக்கும். ஒரு தடவைகூட எனக்கு வந்ததில்ல."

"நாப்பது வருஷமா ஏன்டா சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே."

கேட்கவில்லைதான். மரேயிடம்தான் கேட்டேன். அவன் வாயிலிருந்து வர வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. கிளைவுக்கு மருத்துவர் இன்னும் கையை வீசக் கூடாது என்கிறாராம். ஆகஸ்ட் கச்சேரிக்கு என்னை வாசிக்கச் சொல்லி மரேயிடம் அவனே பேசியிருக்கிறான்.

ஜூலை 9

எதிர்பார்த்தபடி மரே கூப்பிட்டான்.

"கிளைவ் சொன்னான். வந்து வாசியேன், ரே. பழசெல்லாம் பேச வேணாம்."

"பேசல. சுவரொட்டியில என் பேர் இருக்குமா?"

"அது... அச்சாயிடுச்சும்மா."

"அப்போ வேற அச்சடி."

"ஐந்நூறு அடிச்சாச்சு, ரே!"

"நான் இந்தத் தடவை அச்சுக்கு அப்புறம் வரமாட்டேன், மரே. முன்னாடிதான் வருவேன்."

வைத்துவிட்டேன்.

ஜூலை 13

அழைப்பு ஏதும் இல்லை. வராவிட்டால் போகட்டும். மழை.

அலிஸ்டர் கேட்காமலேயே பின்கொட்டகையிலிருந்து விதை உருளைக்கிழங்கு மூட்டைகளை வெளியேற்றியிருக்கிறான். "டிரம்ஸ் வைக்க இடம் வேணும்ல" என்றான். மரே இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். "நீ ஒத்துக்கிட்டியே" என்றான்.

ஜூலை 22, சனி

ரொட்டி வாங்க ஜார்ஜ் தெருவுக்குப் போனேன். தபால் நிலையத்துக்கு எதிர்க் கம்பத்தில் பழைய சுவரொட்டி மேல் புதிது ஒட்டியிருக்கிறார்கள். பசை இன்னும் ஈரம். டிரைடாக்ஸ், ஆகஸ்ட் 19. மரே பிரிங்கிள், பாட்டு, கிதார். அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், ரேவின் கில்கிரிஸ்ட், டிரம்ஸ்.

அச்சில் இருக்கிறது. விரலால் தொட்டுப் பார்த்தேன், மை ஒட்டவில்லை. வார்டனுக்குப் படம் எடுத்து அனுப்பலாமா என்று தோன்றியது. அனுப்பவில்லை. வேண்டுமென்றால் அவரே தேடிக்கொள்ளட்டும். ரொட்டி வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.