அத்தை அழுத காரணம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க மாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் நிவாரணச் சங்கத்தின் புகைப்படக் காப்பகத்தில் சேர்ந்தது உனக்குத் தெரியும். போர்க் காலத்தில் சங்கத்தார் கூடாரம் போட்டது, கம்பளி கொடுத்தது, காயத்துக்குக் கட்டுப் போட்டது எல்லாம் நாற்பது பெட்டி நிறையப் படமாக இருக்கின்றன. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, உறை மேல் பென்சிலால் விவரம் எழுதுவது என் வேலை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றுதான் எடுத்தார்கள், அதுவே வினையாகிவிட்டது. ஒரு படத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வாயை அகலத் திறந்து அழுகிறாள், ஒரு நர்ஸ் ஒரு கையால் அவளைப் பிடித்திருக்கிறாள், மறு கையில் தகரக் கப். பின்பக்கம் முகாம் எண்ணைத் தவிர ஒரு எழுத்து இல்லை. நானும் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, 'பசியால் அழும் சிறுமி' என்று நானாகவே எழுதி வைத்தேன். காப்பகத் தலைவர், ஒல்லியாக விறைப்பாக இருப்பார், நாங்கள் குடைக்கம்பி என்போம், அந்தப் படத்தையே கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்து, என் வரியோடு கதவளவு பெரிதாக்கி வாசலில் மாட்டிவிட்டார்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நான் மறந்து வைத்த மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க அப்பா வந்தார். வந்தவர் உள்ளே வரக் காணோம். போய்ப் பார்த்தால் படத்தின் முன்னால் நின்றுகொண்டு, "இது எங்க அக்கா. இந்த வாய் வேற யாருக்கு வரும்?" என்கிறார். அக்காவும் தம்பியும் சின்ன வயதில் முகாமில் இருந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வாயிடம் முப்பத்தைந்து வருஷமாக வாங்கிக் கட்டிக்கொண்டும் எனக்கு அடையாளம் தெரியவில்லை பார்.

மறுநாள் உன் அத்தையைக் கூட்டி வந்தோம். படத்தை மேலும் கீழும் பார்த்தாள், வரியைப் படித்தாள், "எவ எழுதினது இது?" என்றாள். நான் கையுறைக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "பசியா, எனக்கா? ரெண்டு தடவை வரிசையில நின்னு ரெண்டு கப் பால் குடிச்சிருந்தேன். மூணாவது தடவை தலையில துண்டைக் கட்டிக்கிட்டு வேற ஆள் மாதிரி போனேன். அந்த நர்ஸ் கண்டுபிடிச்சு, ஒரு கரண்டி மீனெண்ணெயை வாயில ஊத்திட்டா. அதுக்குத்தான் இந்த அழுகை" என்றாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்து, அக்கா அப்பவே தின்னிப் பண்டாரம் என்றார். அத்தைக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "சிரிக்காதடா. மூணாவது கப் உனக்கு. காய்ச்சல்ல கூடாரத்துல கிடந்தே, உன்னால வரிசையில வந்து நிக்க முடியுமா? அழுதுக்கிட்டே சொன்னேன். அவ கையில இருக்கு பாரு, அந்தக் கப்பைத் தூக்கிக்கிட்டு என் கூடவே ஓடி வந்தா." அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் அரை மணி நேரம் வரவில்லை. இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று அத்தையைக் கேட்டேன். "சொன்னா இவன் எனக்கு அடங்கிப் போயிடுவான், அப்புறம் நான் யார்கிட்ட சண்டை போடுறது?" என்றாள்.

வேலை போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டு குடைக்கம்பியிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். அவரோ, அச்சடித்தாயிற்று, நாளைக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள், பசி என்றே இருக்கட்டும், யாருக்குத் தெரியப் போகிறது என்றார். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியும். பக்கத்துலயே நின்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவேன்" என்றாள். குடைக்கம்பி மடங்கிவிட்டார். அன்று சாயங்காலமே என் கையெழுத்தில் புது வரி எழுதிப் பழையதன் மேல் ஒட்டினோம்: 'தம்பிக்குப் பால் கேட்டு வந்த சிறுமி, மீனெண்ணெய் குடித்தபின்.' கண்காட்சியில் அதைப் படித்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு குனிந்து கப்பைத் தேடிப் பார்த்தார்கள். வரியை மாற்றிய பிறகும் அத்தை நாள் முழுக்கப் படத்தின் பக்கத்திலேயே நின்றாள், நம்பாதவர்களுக்கு வாயைத் திறந்து காட்டினாள். என் வேலை போகவில்லை, ஆனால் எழுதிய நானூறு உறையையும் மறுபடி சரிபார்க்கச் சொல்லிவிட்டார். அதில் எத்தனை என் கைச்சரக்கு என்று அவரிடம் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்ல மாட்டேன், ரப்பர் தேய்ந்துகொண்டிருக்கிறது. அப்பா இப்போது தினமும் அக்கா வீட்டுக்கு நடந்தே போகிறார், முழங்கால் வலியெல்லாம் மறந்துவிட்டது. சண்டை போட்டுவிட்டுத்தான் திரும்புகிறார்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், மனம் நிறைந்து வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு மறக்காமல் போன் பண்ணு. போன மாதம் அனுப்பிய படத்தில் சின்னவன் எதற்கு அழுகிறான் என்று நீ எழுதவே இல்லை. சீக்கிரம் எழுது, இல்லாவிட்டால் நானாக எதையாவது எழுதிவிடப் போகிறேன்.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா