கல்லு வைக்கப் போன திங்கக்கிழமை

பெப். 13, வியாழன்

குளிர் -12. காத்து வேற. நான் வேலை செய்யிற டேகேரில மூண்டு பிள்ளையளுக்குக் காய்ச்சல். ஒரு சின்னக் கையுறை துலைஞ்சு, அதுக்குத் தாயிட்ட நான் பேச்சு வாங்கினது.

பின்னேரம் மகன் றொஷான் போன் எடுத்தான். அவன் கட்டப்போற லியாவின்ர அப்பா டேவிட் எங்களைச் சந்திக்கோணுமாம். வீட்டில இல்லை. திங்கக்கிழமை, ஃபமிலி டே லீவண்டு, ஹோலோகோஸ்ட் நினைவிடத்தில. நாசிகள் கொலை செய்த யூதச் சனத்தின்ர பெயருகள் வெட்டின சுவராம், பாதர்ஸ்ட் றோட்டுப் பக்கம் ஒரு பார்க்குக்குள்ள. டேவிட்டின்ர அத்தைமார் ரண்டுபேரின்ர பெயரும் அதில இருக்காம்.

"சம்பந்தியள் முதல்முதல் சந்திக்கிற இடமோடா அது?" எண்டன்.

"அம்மா, தன்ர குடும்பத்தைக் காட்டுறதுக்கு அவருக்கு வேற இடமில்லை."

சரியெண்டிட்டன்.

இனி இவரிட்ட, றொஷானின்ர அப்பாவிட்ட, சொல்லோணும். மகன் வாற மே மாசம் ஒரு யூதப் பிள்ளையைக் கட்டப்போறன் எண்டு சொல்லி நாலு மாசம். "மாதா கோயில்ல இல்லாத கலியாணத்துக்கு நான் வரமாட்டன்" எண்டு ஒருக்காச் சொன்னார். அதோட அந்தக் கதையே எடுக்கிறேல்லை. லியா ரண்டு தரம் வீட்டை வந்தவள். இவர் தலையாட்டினது மட்டும். ஒரு சொல்லுக் கதைக்கேல்லை.

பெப். 14, வெள்ளி

சொல்லிப்போட்டன். ரீவியில இருந்து கண்ணெடுக்காமல் "எத்தினை மணிக்கு?" எண்டார். வருவார் போல.

வாங்க: உளுந்து, லீக்ஸ், உருளைக்கிழங்கு, பேப்பர் கப், இவருக்குத் தடிச்ச காலுறை, பூ.

அப்பா என்ன சாப்பிடுவாரெண்டு லியாவுக்கு மெசேஜ் போட்டன். பன்றியும் றாலும் மட்டும் வேண்டாமாம், அன்ரின்ர வடையைப் பற்றி ஏற்கெனவே சொல்லி வைச்சிருக்கிறாளாம். சிரிக்கிற முகம் அஞ்சு. ரோல்ஸ் மரக்கறியிலயே சுத்துவம், கரைச்சல் இல்லை.

பெப். 16, ஞாயிறு

விடியவிடிய ஸ்னோ. பூசைக்குப் போகேல்லை. இவர் காரை ரண்டு தரம் தோண்டி எடுத்தார். உளுந்து அரைச்சாச்சு.

வெள்ளைக் கார்னேஷன் ஒரு கட்டு வாங்கி வைச்சிருந்தன். றொஷான் வந்து, "உதென்ன அம்மா? அவை செத்தவைக்குப் பூ வைக்கிறேல்லை, கல்லுத்தான்" எண்டான். இந்த ஸ்னோவுக்குள்ள கல்லுக்கு எங்க போறது? பூ இப்ப மாதா படத்துக்கு முன்னால. மாதாவுக்கு லாபம்.

பெப். 17, திங்கள்

-9. கண்கூசுற வெயில்.

எழுத நிறைய இருக்கு. ஒழுங்கா வருதோ தெரியாது.

பார்க்கில கார் விடுற இடத்தில மட்டும் ஸ்னோ தள்ளியிருந்தது. அங்கயிருந்து சுவருக்குப் போற பாதையையே காணேல்லை, முழங்காலளவு ஸ்னோ. டேவிட்டும் லியாவும் எங்களுக்கு முதலே வந்து நிக்கினம். டேவிட்டுக்கு எழுபத்தொரு வயசு, மெல்லிய மனிசன், கையில தடி. முந்தி மருந்துக்கடை வைச்சிருந்தவர். மனிசி செத்து ஆறு வருசம். எனக்குக் கை தந்தார், இவருக்குத் தந்தார். பாதையைப் பாத்தார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, இண்டைக்கு ஏலாது போல. வசந்தத்தில வருவம்" எண்டு இங்கிலிஸில சொன்னார். முகம் விழுந்துபோச்சு.

இவர் கார்ப் பக்கம் போனார். டிக்கியைத் திறந்து ஸ்னோ தள்ளுற ஷவலை எடுத்தார். போய்த் தள்ளத் தொடங்கிட்டார்.

இவருக்கு அறுபத்திரண்டு வயசு. றொஷான் கேக்கக் குடுக்கேல்லை. பாதிப் பாதையில மூச்சு வாங்குது. அப்பதான் லியா போய் முன்னால நிண்டாள். "அங்கிள், டாங்கோ." தாங்கோ எண்டதைத்தான் அப்பிடிச் சொன்னவள். குடுத்திட்டார்! அவள் தள்ளுறதை ஒரு நிமிசம் பாத்தார். மனிசனுக்குப் பொறுக்கேல்லை.

"முதுகை வளைக்காத பிள்ளை. முழங்காலை மடி."

அவளுக்கு விளங்கேல்லை. இவர் குந்திக் காட்டினார். அவளும் குந்தினாள். அதைப் பாத்து டேவிட் வாய்விட்டுச் சிரிச்சார்.

பிள்ளை எண்டார். நான் கேட்டனான்.

சுவரடிக்குப் போனா பெயருகளுக்கு மேல ஐஸ். டேவிட்டுக்குப் பெயர் வரிசை மனப்பாடம், இடத்தைத் தொட்டுக் காட்டினார். பிளாஸ்க்கில இருக்கிற தேத்தண்ணியை ஊத்துவமோ எண்டான் றொஷான்.

"விசரோ உனக்கு? கல்லு வெடிக்கும்" எண்டார் இவர்.

இவர் கையுறையைக் கழட்டி, உள்ளங்கையை ஐஸில வைச்சு அழுத்திக்கொண்டு நிண்டார். விறைச்ச உடன மற்றக் கை. டேவிட்டும் தன்ர கையைப் பக்கத்தில வைச்சார். கன நேரம். பிறகு ஐஸ் துண்டு துண்டாக் கழண்டுது. ரிவ்கா. அதுக்குக் கீழ ஹன்னா. பதினாலு வயசும் ஒம்பது வயசுமாம். டேவிட்டின்ர தகப்பன் மட்டும் தப்பி வந்தது. சகோதரங்களின்ர படம் ஒண்டுகூட இல்லையாம். டேவிட் தங்கட மொழியில செபம் சொன்னார். சிலுவை போடுறதோ விடுறதோ தெரியாமல் நான் கையைக் கோட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு, மனசுக்குள்ள ஒரு அருள் நிறைந்த மரியே.

கல்லு டேவிட் கொண்டுவந்தவர். கோடையில லேக்கடியில பொறுக்கினது, ஒரு சின்னப் பையில. ஆளுக்கொண்டு தந்தார். சுவர் விளிம்பில வைச்சம். இவர் கையை நீட்டி இன்னொண்டு கேட்டார். அதைக் கொண்டுபோய்ச் சுவருக்குக் கீழ, ஸ்னோவுக்குள்ள, ஒருத்தரும் காணாத மாதிரி வைச்சார்.

ஆருக்கெண்டு எனக்குத் தெரியும். இவரின்ர அண்ணைக்கு. ஊரில ஆமிச் சுற்றிவளைப்பில பிடிச்சுக்கொண்டு போனது, முப்பது வருசத்துக்கு மேல. கல்லறை இல்லை. பெயர் எழுதின இடமும் எங்கயும் இல்லை.

டேவிட் கண்டிட்டார். தடியை லியாவிட்டக் குடுத்திட்டு, மெல்லக் குனிஞ்சு அந்தக் கல்லை எடுத்தார். ஏதோ பிழை செய்துபோட்டம் எண்டு நான் பயந்திட்டன். அவர் ஸ்னோவைத் தன்ர கோட்டில துடைச்சு, மேல, அத்தைமாரின்ர கல்லுகளுக்குப் பக்கத்தில வைச்சார்.

"பெயர் என்ன?"

"அன்ரன்" எண்டார் இவர்.

"அன்ரன்" எண்டு டேவிட் சுவரைப் பாத்துச் சத்தமாச் சொன்னார். வேற ஒண்டும் கேக்கேல்லை. இவர் மற்றப்பக்கம் திரும்பி மூக்கைத் துடைச்சார்.

பிறகு எல்லாரும் எங்கட காருக்குள்ள, ஹீற்றரைப் போட்டுவிட்டு, வடையும் தேத்தண்ணியும். கண்ணாடி முழுக்க ஆவி படிஞ்சு புகார் மாதிரி. டேவிட் அஞ்சு வடை. உறைப்பில கண்ணால தண்ணி ஓடுது, நிப்பாட்டினாத்தானே. மிஞ்சின ரோல்ஸைச் சுத்திக் குடுத்துவிட்டன்.

நல்ல நாள். இப்பிடி ஒரு இடத்துக்குப் போய்வந்து நல்ல நாள் எண்டு எழுதலாமோ தெரியாது. எழுதிட்டன்.

பெப். 18, செவ்வாய்

இவருக்கு இடுப்பில நாரிப்பிடிப்பு. வேலைக்குப் போகேல்லை. தைலம் பூசி, சுடுதண்ணிப் போத்தல் வைச்சது.

மத்தியானம் இவருக்கு டேவிட் போன். நோவுக்கு என்ன குளிசை எடுக்கோணும், எதை எடுக்கக்கூடாது எண்டு விளக்கம். ஒருத்தற்ற இங்கிலிஸ் மற்றவருக்கு விளங்காமல் ரண்டுபேரும் கத்திக் கத்தி இருவது நிமிசம். போனை வைச்சிட்டு, "நல்ல மனிசன்" எண்டார் இவர்.

பெப். 20, வியாழன்

-6. நாரி பரவாயில்லை. டேகேரில காய்ச்சல் இப்ப ரீச்சருக்கு.

சோறு போட்டுக்கொண்டு நிக்க இவர் சாப்பாட்டுக் கோப்பையைப் பாத்தபடி, "கோயில்ல இல்லாட்டிக் கலியாணத்தை எங்க வைக்கப்போகினமாம்?" எண்டார்.

இன்னொரு அகப்பை சோறு போட்டன். "தெரியாதப்பா, கேக்கோணும்."

"கேள். மே மாசமெண்டா நான் இப்பவே லீவு சொல்லிவைக்கோணும்."

றொஷானுக்கு அடிச்சன், எடுக்கிறானில்லை. லியாவுக்கு அடிக்கிறன்.