நூற்று எண்பதாவது நோட்டு

ரங்கூன், பசுண்டாங்
9.9.1987, புதன்கிழமை

அன்பு மகன் வின் லாட்டுக்கு,

நீ போகிற கடல் அலையடிக்காமல் இருக்கட்டும், உன் இஞ்சின் அறையில் கொஞ்சம் காற்று வரட்டும். இங்கே நானும் அப்பாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அப்பா குறட்டையும் விடுகிறார். உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே படிக்கும்போது வீட்டில் யாரோ செத்துவிட்டதுபோல் உனக்குத் தோன்றும். செத்தது பணம்தான். தபாலில் போடப் பயந்து இதை உன் சிநேகிதன் சோ மின் கையில் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் கிழித்துக் கடலில் போட்டுவிடு.

சனிக்கிழமை காலை வழக்கம்போல் வாசலில் மோஹிங்கா மீன் குழம்பு விற்று முடித்து அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தேன், பதினோரு மணி இருக்கும். உள்ளே ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்த அப்பா, "மியா, இங்க வா, இவன் என்னமோ உளர்றான்" என்றார். வந்து கேட்டேன். இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து கியாட் நோட்டுகள் இந்த நிமிடத்திலிருந்து செல்லாதாம். மாற்றிக்கொள்ள நாள் இல்லை, வரிசை இல்லை, ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குப் பாட்டுப் போட்டான். அண்டா தேய்க்கக் கையில் வைத்திருந்த நாரை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மகனே, இப்போது உன் பணத்துக்கு வருகிறேன். மூன்று வருடமாக நீ அனுப்பியதில் ஒரு காசு தொடாமல் பதினெட்டாயிரம் சேர்த்து வைத்தேன், அதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அத்தனையையும் எழுபத்தைந்து கியாட் நோட்டாக மாற்றி வைத்தேன் என்பது. இருநூற்று நாற்பது நோட்டு. இரண்டு வருடத்துக்கு முன் நூறு கியாட் நோட்டைச் செல்லாது என்றபோது எல்லோரும் அழுதார்களே, அப்போதே நான் புத்திசாலியாகிவிட்டேன். எழுபத்தைந்து கியாட் நோட்டு, நாட்டை ஆளுகிற பெரியவரின் எழுபத்தைந்தாவது பிறந்த நாளுக்கு அச்சடித்தது என்று ஊரே பேசியது. தன் பிறந்த நாளையே எவனாவது செல்லாது என்பானா என்று கேட்டேன். மீன் மார்க்கெட்டில் பாதிப் பெண்கள் என் பேச்சைக் கேட்டு மாற்றினார்கள். நான்கு நாளாக அந்தப் பக்கம் போகவில்லை, மீனே வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

இதைவிடப் பெரிய முட்டாள்தனம் இன்னொன்று இருக்கிறது. வியாழக்கிழமையே பணத்தைக் கொடுத்து ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டல்லா வீட்டை உன் பேருக்கு வாங்கியிருக்க வேண்டியது. வீட்டுக்காரர் ஊ போ லா, அந்த வாத்து வளர்ப்பவர், பத்திரத்தோடு காத்திருந்தார். ஜோசியர்தான் புதன்கிழமை பிறந்த பிள்ளைக்கு வியாழன் ஆகாது, திங்கள் கொடு என்றார். அதற்கு ஐந்து கியாட் தட்சணை வேறு வாங்கினார், அது மட்டும் இன்னும் செல்லும் நோட்டு. வீட்டுச் சாவியைப் பார்க்காமல் பெண்ணைத் தரமாட்டேன் என்று மா நியோவின் அம்மா சொன்னதை நினைத்துக்கொண்டே பணப் பையை எடுத்து மடியில் வைத்தேன்.

அப்போது அப்பா சொன்னார், மெதுவாகத்தான் சொன்னார். "அந்த ஆளு வீட்ல ரேடியோ கிடையாது. டல்லாவுக்கு சேதி படகுலதான் போகணும். நீ முந்திக்கோ." நான் அவரைத் திட்டவில்லை மகனே. நல்ல பச்சைப் பட்டுத் தமேனை எடுத்து உடுத்தினேன், பூ வைத்தேன், பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். படகில் ஒரு கிழவி செல்லாத நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு எல்லோரிடமும், "இது அதுவா பாருங்க, இது அது இல்லதானே?" என்று கேட்டபடியே இருந்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் ஆற்றைப் பார்த்துக்கொண்டேன். இறங்கியதும் அவளுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று வேகமாக நடந்தேன். என் வேகத்தை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

ஊ போ லாவுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. வாத்துகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து, "வா தங்கச்சி, திங்கக்கிழமைதானே வரேன்னே, உங்க ஜோசியருக்கு மனசு மாறிடுச்சா?" என்றார். "ஆமாண்ணே, இன்னைக்கே நல்ல நாளாம்" என்றேன். என் வாய்தான் சொன்னது. தேநீர் ஊற்றினார், ஊறவைத்த தேயிலையும் வேர்க்கடலையும் வைத்தார். பத்திரத்தை என் பக்கம் தள்ளினார். பிறகு எண்ண ஆரம்பித்தார். வாத்து எண்ணிப் பழகிய மனிதர் இல்லையா, ஐந்தைந்தாகப் பிரித்துப் பாயில் வரிசையாக வைத்தார். பத்திரத்தில் உன் பெயர் அழகாக எழுதியிருந்தது. கழுவியும் அவர் விரலில் தவிடு ஒட்டியிருந்தது. நூற்று எண்பது என்றபோது அவர் கையின் மேல் என் கையை வைத்துவிட்டேன். "ஏன், குறையுதா?" என்று கேட்டார். "எல்லாமே குறையுது அண்ணே" என்று சொல்லி, ரேடியோவில் கேட்டதைச் சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். எழுந்து உள்ளே போனார். அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் கவிழ்த்தார். அரிசியோடு எழுபத்தைந்து கியாட் நோட்டுகள் விழுந்தன, இருபத்தைந்துகளும் விழுந்தன. ஏழு வருடம் வாத்து விற்ற காசு, இருபத்திரண்டாயிரம். "உன்னைவிட நான்தான் பெரிய மடையன், நாலாயிரம் அதிகம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. பிறகு அவர் அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தார், நோட்டை விட்டுவிட்டு ஒவ்வொரு அரிசியாக. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. கடைசியில் பத்திரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "கோவிச்சுக்காதே தங்கச்சி, இனிமே இந்த வீட்டை எந்தக் காகிதத்துக்கும் குடுக்கமாட்டேன்" என்றார். வெறுங்கையோடு போகாதே என்று ஆறு வாத்து முட்டை கொடுத்தார். பதினெட்டாயிரத்துக்கு ஆறு முட்டை, அதிலும் ஒன்று படகில் உடைந்துவிட்டது.

அதனால் மகனே, பணத்தைக் கொன்றது ரேடியோவாக இருக்கலாம், வீட்டைத் தொலைத்தது நான். அப்பா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை, முட்டையை மட்டும் சாப்பிட்டார். ஊரில் கல்லூரிப் பிள்ளைகள் தெருவில் இறங்கிக் கல்லெறிந்தார்கள், கல்லூரிகளை மூடிவிட்டார்கள். எதிர்வீட்டுச் சின்னப் பிள்ளைகள் நோட்டில் காற்றாடி செய்து விளையாடுகின்றன, தாய்மார்கள் அடிக்கவும் இல்லை.

மா நியோ ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அவள் அம்மாவுக்கு இன்னும் தெரியாது, நீயும் எழுதாதே, நானே போய்ச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். ஆனால் அவளிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். என் நேர்மையைக் கேட்டு அழுவாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவள் அழவில்லை. கேட்டு முடித்து, "நூத்தி எண்பது வரைக்கும் ஏன் அத்தே பொறுத்தீங்க?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். போய் அண்டாவைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மூன்று நாளாக அதையே யோசிக்கிறேன். உனக்குக் கோபம் வந்தால் குறைக்காமல் அப்படியே எழுது. இனிமேல் பணமாக அனுப்பாதே, சோப்பு, பால் டின், ரப்பர் செருப்பு, எதுவானாலும் சாமானாக அனுப்பு. புத்தரும் உன்னைப் பெற்ற புண்ணியமும் உன்னைக் கரை சேர்க்கட்டும். கழுத்தில் துண்டு இல்லாமல் மேல்தளத்துக்குப் போகாதே.

நூற்று எண்பது வரை பொறுத்த உன் அம்மா,
மியா செயின்