இசக்கிதுரை வாசலில் எக்ஸ்ரே

அன்புள்ள பிலோமினாவுக்கு,

தாராவியில் எல்லோரும் சுகம். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? போனில் சொன்னால் பாதியிலேயே அழுவாய் என்பதால் வரிசையாக எழுதுகிறேன்.

1. பேத்தி ஜெனியின் கை தப்பியது.
2. நான் பழிவாங்கினேன்.
3. என் கோபம் தணிந்துவிட்டது.

ஜெனி மாடிப்படியில் விழுந்தபோது நான் மாட்டுங்காவில் கடைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அக்கம்பக்கத்தார் அவளை எலும்பு வைத்தியம் செய்யும் இசக்கிதுரையிடம் கொண்டுபோனார்கள். அவன் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து, மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டான். நான் வீடு திரும்பியபோது விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

ஆஸ்பத்திரியில் அவன் போட்ட கட்டுகளை வெட்டியெடுத்து, முழங்கைக்கு மேல் முறிந்திருந்த எலும்பை நேராக்கி, இரண்டு கம்பிகள் செருகினார்கள். பிறகு டாக்டர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வட்டம் போடச் சொன்னார். “தோசையா?” என்று கேட்டுப் போட்டுக் காட்டினாள் ஜெனி. நரம்பு பிழைத்தது என்றார்.

நேற்று எக்ஸ்ரே படத்துடன் இசக்கிதுரையின் வாசலில் போய் நின்றேன். கை வீங்கிய மகனைத் தூக்கி வந்த ஒரு பெண்ணிடம் படத்தைக் காட்டினேன். அவள் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

“என்னவே பெரியவரே, எம் பொழப்புல மண்ணள்ளிப் போடுதீரு?” என்றான் இசக்கிதுரை.

“நீ கட்டின கைதான் இது” என்றேன்.

பக்கத்து வீட்டு சாஜன் ஊரிலிருந்து திரும்பும்போது எலுமிச்சை ஊறுகாயும், போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்றும் கொடுத்துவிடு. துவைக்க வேண்டாம்.

ஜெனி கூப்பிடுகிறாள். மூன்றாவதாக எழுதியது தவறு. நாளையும் படத்தோடு போகிறேன்.

உன்
சூசைராஜ்