மதுரை மண்டலத்தில் முதல் ஆட்டம்

ஞாயிறு, இரவு

மகள் செல்வியின் கல்லூரிக் கால்பந்து அணி இன்று ஐந்து கோல் வாங்கித் தோற்றது. ஒன்றுகூடத் திருப்பிப் போடவில்லை. போன வருடம் வரை கடற்கரை மண்டலத்தில் கோப்பை இவர்களுக்குத்தான். இந்த வருடம் மதுரை மண்டலத்தில் சேர்த்துவிட்டார்கள். அங்குள்ள பெண்கள் பள்ளிக்கூட நாளிலிருந்தே பயிற்சி எடுத்தவர்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் மைத்துனன் முருகேசன் எல்லாருக்கும் கேட்கும்படி, “கப்பு வாங்குன டீமா இது? மானம் போச்சு மச்சான்” என்றான். முன்சீட்டில்தான் செல்வி இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“இந்த வருசம் கப்பைக் கேக்காத. ரெண்டு ஆட்டம் செயிச்சாலே பெருசு. அது பத்தாதுன்னா நீ வீட்லயே இருந்துக்க” என்றேன். அவன் எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டான்.

சாப்பிடும்போது செல்வி, “அடுத்த ஆட்டத்துக்கு வராதீகய்யா. அதுலயும் தோத்துருவோம்” என்றாள்.

“தோத்தாலும் வருவேன், தாயி. ஒரு கோல் போடுங்க, போதும்.”

“அதுவும் போடலைன்னா?”

“அதுக்கடுத்த ஆட்டத்துக்கும் வாரேன்.”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் பூட்ஸைக் கழுவிக் காயவைத்துவிட்டுத்தான் படுத்தாள். யார் என்ன சொன்னாலும் வியாழக்கிழமை அடுத்த ஆட்டத்துக்குக் காலை முதல் பஸ்ஸிலேயே நான் ஏறிவிடுவேன்.