அரிசி நனையவில்லை, மச்சான்

இன்று மத்தியானம் என் அரிசிக் களஞ்சியத்தில் நின்ற எல்லோருடைய கைத்தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. சுழல்காற்று எச்சரிக்கை. எங்கள் ஒஷாவாப் பகுதியில் இருப்பவர்கள் உடனே உள்ளே ஒதுங்கவேண்டுமாம். வேலையாட்கள் கதவடிக்கு ஓடி வானத்தைப் பார்த்தார்கள். நான் ஓடிப்போய் றேடியோவைப் போட்டேன். உன் குரல் வராது என்று எனக்குத் தெரியும். போன மாசியில் உன் மரண அறிவித்தலை அதே றேடியோவில்தான் கேட்டேன். ஆனாலும் கை தானாகப் போய்விட்டது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அஜின்கோர்ட்டில் ஒரு பேஸ்மென்ட் அறையில் இரண்டு மெத்தை போட்டுக் கிடந்தோமே, அந்த நாட்களில் நீ உணவகத்தில் கோப்பை கழுவினாய். நான் பழைய கார் ஒன்றின் டிக்கியில் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அடுக்குமாடிகளில் கதவு கதவாகத் தட்டினேன். பிறகு உனக்குத் தமிழ் றேடியோவில் ஒரு மணித்தியாலம் கிடைத்தது. முதல் நாளே என் அரிசிக்குச் சும்மா ஒரு விளம்பரம் வாசித்தாய். எழுதித் தந்தது யாருமில்லை, உன் வாயில் வந்ததுதான். "கல்லில்லை, கறுப்பில்லை, நம்பி உலையில போடுங்கோ." அந்த வாரமே கடைக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். என் அரிசிக்குப் பெயர் வந்தது உன் குரலால். இதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

நான்கு கோடைக்கு முன் இந்தக் களஞ்சியத்தில் பெருங்காற்று ஒன்று அடித்த அன்று, காப்புறுதிக்காரருக்கு முன்னமே நீ வந்து நின்றாய். கூரையில் ஒரு மூலைத் தகடுகள் உரிந்திருந்தன. ஒரு தகடு வேலிக் கம்பியில் தொங்கியது. வாசலோரம் இருந்த உப்பு மூட்டைகள் மழையில் கரைந்து ஓடின. அரிசி மற்றப் பக்கத்தில், கூரைக்கு ஒன்றும் ஆகாத இடத்தில் இருந்தது. நீ மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு நெரித்தாய்.

"ஒண்டும் நனையேல்லையடா. தப்பீட்டாய்."

பிறகு வேலியடிக்குப் போய் நிலத்தில் படுத்துக்கொண்டு அந்தத் தகட்டைப் படம் எடுத்தாய்.

"ஏன்ரா நிலத்தில கிடக்கிறாய்?"

"கீழயிருந்து எடுத்தாத்தான் பெரிசாத் தெரியும். நீ சும்மா நில்."

அன்று பின்னேரச் செய்தியில் என் களஞ்சியம் தரைமட்டமாகிவிட்டது. "எங்கள் வர்த்தகர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பு ஒரு நிமிடத்தில் அழிந்தது" என்று நீ தழுதழுத்தாய். உன் படத்தை ஆங்கிலத் தொலைக்காட்சியும் காட்டியது. அந்த ஒற்றைத் தகட்டைத்தான் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள்.

முதலில் நான் சிரித்தேன். செத்த வீட்டுக்குச் சோறு கொண்டு வருவதுபோல மில்லிக்கனில் என் வீட்டுக்குச் சனம் வரத் தொடங்கியது. இடியப்பம், சொதி, பழைய குளிர்ச்சட்டைகள். எதிர்வீட்டு அன்ரி ஒரு பையை நீட்டிக் கேட்டார், "தம்பி, உமக்கு மாத்திக் கட்டச் சாரமாவது இருக்கே?"

"வீட்டுக்கு ஒண்டுமில்லை அன்ரி. களஞ்சியத்திலயும் ஒரு மூலைதான்."

"மறைக்காதையும். றேடியோவில எல்லாம் சொன்னவை."

மூன்று நாள் நாங்கள் அடுப்பு மூட்டவில்லை. அடுத்த வாரம் அதே அன்ரி கடையில் என் அரிசிப் பையைத் தள்ளி வைத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "குறை நினையாதேங்கோ அண்ணை. உது காத்தில நனைஞ்ச அரிசியோ எண்டு சனம் கேக்குது. நீங்கள் காயவைச்சு விக்கிறியளாம் எண்டு கதை."

அரிசி வியாபாரிக்கு அதைவிட வேறு சாவு இல்லை. உனக்கும் அது தெரியும்.

பிறகு காற்றுச் சேதத்தை ஆராய்கிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அடித்த காற்றை இவர்கள் எப்படி நிறுப்பார்கள் என்று எனக்கு யோசனை. நிறுப்பதில்லையாம். காற்று எதை உடைத்தது, உடைந்த பொருள் எவ்வளவு பலமாகப் பூட்டியிருந்தது என்று பார்த்துத்தான் தரம் போடுவார்களாம். பூச்சியத்திலிருந்து ஐந்து வரை. அவர்களில் ஒரு பெண் கூரைத் தகட்டிலிருந்து துருப்பிடித்த திருகாணி ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். இதைப் பிடுங்கப் பெரிய காற்று தேவையில்லை என்றாள். தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கதிரை இருந்த இடத்திலேயே இருந்ததையும் காட்டினாள். துருவேறவிட்டது என் பிழை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் காற்றுக்குக் கிடைத்தது பூச்சியம்.

அவர்கள் எழுதித் தந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு உன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தேன்.

"இதை வாசி மச்சான். மரண அறிவித்தல் முடிஞ்ச உடன வாசி. அப்பதான் சனம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்."

"பூச்சியமெண்டு வாசிச்சா, அண்டைக்கு நான் அழுதது என்னவாகும்?"

"காத்தை விடு. அரிசி நனையேல்லை எண்டாவது சொல்லு. நீதானே வாயில போட்டுப் பாத்தனி."

"பொறு, நாளைக்குப் பாப்பம்."

அந்த நாளை வரவேயில்லை. ஆங்கிலத் தொலைக்காட்சியும் பூச்சியத்தைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவர்களோடு எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு என்னைத் தெரியாது. நீ என் அரிசியைத் தின்றவன். கைவிட்டுப் போன கடைகளைத் திரும்பப் பிடிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. உன் றேடியோவுக்குக் கொடுத்துவந்த விளம்பரத்தை நிறுத்தினேன். "காசு வந்ததும் பழசை மறந்திட்டான்" என்று நீ சொல்லித் திரிந்தாய். அதுவும் என் காதுக்கு வந்தது.

நீ நோயாய்க் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்தேன். யன்னலைப் பார்த்துக்கொண்டு, "வெளியில காத்தோ?" என்று கேட்டாய். இல்லை என்றேன். அதற்குப் பிறகாவது அந்த அரிசியைப் பற்றி நீ ஏதும் சொல்வாய் என்று ஒரு மணித்தியாலம் காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் மூட்டைகளில் இன்றைக்கும் உன் வசனம்தான் அச்சாகிறது. "நம்பி உலையில போடுங்கோ." எடுத்துவிடச் சொல்லி என் மனிசி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். நான் வியாபாரி, மச்சான். விலைபோகிற சொல்லை எறியமாட்டேன். அந்தத் திருகாணியும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

இன்று எச்சரிக்கை முடிந்து வெயிலும் வந்துவிட்டது. ஒரு இலைகூட விழவில்லை. நான் றேடியோவுக்குத் தொலைபேசி எடுத்தேன். உன் இடத்தில் இப்போது ஒரு பிள்ளை இருக்கிறாள்.

"ஓம் அங்கிள், சொல்லுங்கோ."

"ஒஷாவாவில ஒண்டும் நடக்கேல்லைப் பிள்ளை. அதை ஒருக்காச் சொல்லுவீங்களோ?"

"ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொல்லோணுமோ?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓகே அங்கிள். மரண அறிவித்தல் முடிய வாசிக்கிறன்."

நான் லாச்சியிலிருந்து திருகாணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இறந்தவர்களின் பெயர்கள் முடிந்தன. "ஒஷாவாப் பகுதியில் இன்று சேதம் எதுவும் இல்லை" என்றாள். சுவர் மணிக்கூட்டின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு விநாடி. உன்னிடம் நான் கேட்டதும் அவ்வளவுதான்.