பின்னட்டையில் இருந்த பெயர்கள்

சூடான பிளாஸ்டிக்கின் வாசனை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. இன்று காலை தமிழ்ப் பள்ளியில் ஆண்டு விழா வேலை. ஒரு மேசையில் இளம் அப்பா ஒருவர் பிள்ளைகளின் பெயர் அட்டைகளை ஒவ்வொன்றாக லேமினேஷன் மெஷினுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசனை வந்ததும்  "அதை முதல்ல ஆஃப் பண்ணுங்க" என்று கத்திவிட்டேன். அவர் பயந்துபோய், "ஆன்ட்டி, ஆர் யூ ஓகே?" என்றார். வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். நீ இருந்திருந்தால் அங்கிருந்தே போன் போட்டு உன்னை வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாய். அதனால் எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை, எனக்கென்ன, நான் திட்டித் தீர்க்கத்தான் வேண்டும்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எடிசனில் ஒரே அபார்ட்மெண்டில் மேல் வீடு உனக்கு, கீழ் வீடு எனக்கு. இரண்டு பேருக்கும் டிபெண்டண்ட் விசா. வேலைக்குப் போகக்கூடாது, படித்த படிப்பை எல்லாம் சாம்பாரில் கரைத்துக்கொண்டிருந்தோம். உன்னிடம் ஹீட்டர் வேலை செய்யாத ஒரு பழைய கார் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் டெலவேர் ஆற்றங்கரைப் பக்கம் நடக்கும் பழைய சாமான் சந்தைக்கு அதில்தான் போவோம். நான் இட்லிப் பானை மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று தேடுவேன். நீ ஒருநாள் யாரோ கிழவரின் கடையில் ஒரு ஷூ பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே கூப்பிட்டாய்.

"ஏய், இங்க வாயேன். இந்தப் பந்து நூல்ல தொங்குதுடி."

தடித்த அட்டையில் ஒட்டிய பழுப்புப் படம். முறுக்கு மீசைக்காரர் ஒருவர் பேஸ்பால் மட்டையை ஓங்கியபடி நிற்கிறார். பின்னால் துணியில் வரைந்த மரங்கள். பந்து அந்தரத்தில் நிற்கிறது, உற்றுப் பார்த்தால் மேலே மெல்லிய நூல். அந்தக் காலத்துக் கேமராவால் ஓடுகிற பந்தைப் பிடிக்க முடியாது, அதனால் ஆட்டக்காரரை ஸ்டூடியோவுக்கு வரவழைத்துப் பந்தைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு எடுத்திருக்கிறார்கள் என்று அடுத்த வாரம் லைப்ரரியில் படித்துவிட்டு வந்து சொன்னாய். "பாவம், இவன் அடிக்கவே இல்ல. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு சும்மா நிக்கிறான்" என்று நீ சிரித்த சிரிப்பில் என் சின்னவள் தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டாள்.

அன்று பிடித்த பைத்தியம். ஒரு இன்னிங்ஸில் எத்தனை பேர் அவுட்டாக வேண்டும் என்று கடைசி வரை உனக்குத் தெரியாது. டிவியில் மேட்ச் ஓடினால் ஐந்து நிமிடத்தில் கொட்டாவி விடுவாய். ஆனால் படம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். மைதானத்துக்குள்ளேயே பெரிய பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்ற பத்திரிகைப் படக்காரர்களைப் பற்றி என்னமோ உன் பெரியப்பா பிள்ளைகள் மாதிரி பேசுவாய். "ஒரே ஒரு கண்ணாடித் தகடுதான் உள்ள இருக்கும். அதை மாத்திப் போடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். எவன் எங்க ஓடுவான்னு முன்னாடியே யோசிச்சு அங்க போய் நிக்கணும், தெரியுமா?" என்பாய். தெரியாது. நீ சொல்லித்தான் எல்லாம் தெரியும், அதுதான் இப்போது வம்பாகிவிட்டது.

நீ என் மண்டையில் அடித்து அடித்து ஏற்றிய இன்னொரு விஷயம் படத்தின் முதுகு. கையில் எடுத்ததும் நான் முகத்தைப் பார்ப்பேன். நீ வெடுக்கென்று பிடுங்கித் திருப்புவாய். "முகத்தைப் பாத்து மயங்காத. முதுகைப் பாரு." அங்கேதான் பத்திரிகை ஆபீஸின் முத்திரை இருக்கும், படம் எடுத்தவரின் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும், யார், எங்கே என்று தட்டச்சு செய்து ஒட்டிய துண்டுச் சீட்டு இருக்கும். அது இருந்தால்தான் அது அந்த நாளில் அந்த ஆள் கையால் பிரிண்ட் போட்ட படம். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் நேற்று போட்டிருக்கலாம். இதை எனக்கு எத்தனை தடவை சொன்னாய். அரிசி கழுவிக்கொண்டே கேட்டிருக்கிறேன், பல்வலியோடு கேட்டிருக்கிறேன்.

பட்டாலைப் பெண்களின் படம் கிடைத்த அன்று நீ காரை ஓட்டவில்லை. படத்தை மடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், நீ ஓட்டு என்று சாவியை என்னிடம் கொடுத்தாய். பேட்டர்சன் பக்கம் ஒரு பட்டு ஆலையில் வேலை பார்த்த ஒன்பது பெண்களின் பேஸ்பால் அணி. தொளதொளத்த கால்சட்டை, தொப்பி, நடுவில் நிற்பவள் கையில் பந்து. பின்னட்டையில் யாரோ பென்சிலால் ஒன்பது பேரின் பெயரையும் நிற்கிற வரிசையிலேயே எழுதியிருந்தார்கள். ஆண்கள் அணி என்றால் பத்திரிகையில் தேடிப் பிடித்துவிடலாம், இவர்களைப் பற்றி ஒரு வரிகூட வேறு எங்கேயும் கிடையாது என்றாய். வருஷக்கணக்காகத் தேடியும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு உலகத்தில் இருந்தது அந்த அட்டை ஒன்றுதான். "போன்லயாவது ஒரு படம் எடுத்து வையேன்டி" என்று நான் சொன்னதற்கு, "பெட்டியிலதானே இருக்கு, எங்க ஓடிப்போகப் போகுது?" என்றாய். நல்லா சொன்னாய் போ.

அந்தப் பெட்டி ஏன் வீட்டுக்குள் இல்லாமல் கார் நிறுத்தும் கராஜில் கிடந்தது என்பதற்கு வருகிறேன். சொந்த வீடு வாங்கிய வருஷம் உன் மாமியார் ஆறு மாசத்துக்கு வந்தார். ஹாலில் நீ மாட்டியிருந்த மீசைக்காரரைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "யாரு பெத்த பிள்ளையோ, செத்துப்போனவங்க படத்தையெல்லாம் காசு குடுத்து வாங்கிட்டு வந்து வீட்டுல வைப்பாங்களா? விளக்கேத்துற வீடும்மா இது" என்றார். அவர் அந்தக் காலத்து மனுஷி, விடு. உன் வீட்டுக்காரர் பேசாமல் இருந்திருக்கலாம். அவருக்கு ஜோக் அடிக்க வேண்டியிருந்தது. "அடுத்து மாலை போட்டுப் பொட்டு வைப்பியா? தெவசமும் நாமதான் குடுக்கணுமா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். நீயும் சேர்ந்து சிரித்தாய். மறுநாள் எல்லாப் படமும் கராஜ் அலமாரிக்குப் போனது. மாமியார் திருச்சிக்குத் திரும்பிய பிறகும் ஒன்றுகூட வீட்டுக்குள் வரவில்லை. அதற்குப் பிறகு படங்களைப் பற்றி நீ உன் வீட்டுக்காரரிடம் வாயே திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒரு ஜோக்குக்கு இருபது வருஷ தண்டனை கொடுப்பாயா? கொடுத்தாய். அந்த அழுத்தம் உனக்கு.

நோய் என்று தெரிந்து ஒரு குளிர்காலம்கூட முழுசாக ஓடவில்லை. கீமோவுக்கு நடுவில் தெம்பாக இருக்கிற நாட்களில் என்னைக் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் உறையில் போட வைத்தாய். பேட்டர்சன் பக்கத்து லைப்ரரியில் உள்ளூர் வரலாற்றுக்கென்று ஒரு அறை இருந்தது. அவர்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள், பட்டாலைப் பெண்களை முன்னால் வைப்பதாகவும் சொன்னார்கள். "நான் அண்ணாகிட்ட பேசவா?" என்று கேட்டேன். "வேணாம். அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாய். புருஷன் பெண்டாட்டி விஷயம், நான் ஏன் நடுவில் என்று விட்டுவிட்டேன்.

நீ சொல்லவே இல்லை.

போன மாதம் உன் வருஷத் திதி. ஐயர் கிளம்பி, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு உன் வீட்டுக்காரர் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். "உங்களுக்கு ஒண்ணு காட்டணும்மா. நீங்கதான் அவளுக்கு க்ளோஸ்" என்று மாடி ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவர் முழுக்க உன் படங்கள். நடுவில் மாலை போட்ட உன் போட்டோ, சுற்றிலும் மீசைக்காரர்கள், ஓடுகிறவர்கள், மட்டையோடு நிற்கிறவர்கள். ஒவ்வொன்றும் பளபளவென்று லேமினேட் செய்து, மூலைகளை வளைவாக வெட்டி, நாலு பக்கமும் டபுள் டேப் போட்டு ஒட்டியிருந்தார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம்.

நான் கிட்டப் போய் ஒரு படத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். ஆசையாகத் தடவிப் பார்க்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"கராஜ்ல கெடந்தா ஹ்யூமிடிட்டியில போயிரும்ல? அதான். ரவுண்ட் ராக்ல இருக்கிற எங்க பொண்ணுதான் மெஷின் ஆர்டர் பண்ணி அனுப்பினா. என் டிகிரி சர்ட்டிஃபிகேட்டை எங்கப்பா லேமினேட் பண்ணித்தான் வச்சிருந்தாரு, இன்னிக்கும் புதுசு மாதிரி இருக்கு. இனிமே தண்ணியே பட்டாலும் ஒண்ணும் ஆகாது. பொட்டு வச்சாக்கூடத் துடைச்சிரலாம்" என்றார். வீக்கெண்ட் வீக்கெண்டாக உட்கார்ந்து செய்திருக்கிறார். சூட்டில் சில படங்களின் முகம் கொப்புளித்திருந்தது. அதைத் தடவிக் காட்டி, "இது மட்டும் கொஞ்சம் பபிள் ஆயிருச்சு, செட்டிங் தெரியல" என்றார்.

நான் பட்டாலைப் பெண்களைத் தேடினேன். உனக்கு வலது பக்கத்தில் இருந்தார்கள். காகிதம் மாதிரி மெலிந்திருந்தார்கள்.

"அண்ணா, இதுல பின்னாடி தடி அட்டை இருக்குமே?"

"ஆமா, அது மெஷினுக்குள்ள போகல. ராத்திரி ஊற வச்சு, பிளேடால பொறுமையா உரிச்சு எடுத்தேன். ஒரு இடத்துலகூடக் கிழியல, பாருங்க."

"அந்த அட்டை எங்க?"

"அதெல்லாம் ரீசைக்கிளிங்ல போட்டுட்டேனே."

அந்த நேரத்தில் அவரை அடித்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், கை வந்தது. அப்போது பார்த்து மனுஷர் மூலையிலிருந்து இன்னொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இன்னும் இவ்ளோ இருக்கு. நெக்ஸ்ட் வீக்கெண்ட் முடிச்சிருவேன்." உறை போட்டு நானும் நீயும் அடுக்கிய பெட்டி. பெட்டியை மட்டும் எப்படியாவது வாங்கிக்கொண்டு அவரிடம் எதையும் சொல்லாமல் போய்விடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அந்தச் சுவருக்கு முன்னால் அவர் நின்ற நிலை அப்படி. ஆனால் என்னால் முடியவில்லை. பெட்டியைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு கத்தினேன். முத்திரை, துண்டுச் சீட்டு, பென்சில் எழுத்து, லைப்ரரி, ஒன்பது பெயர், எல்லாவற்றையும் கொட்டினேன். "பாழாக்கிட்டீங்கண்ணா. அவ உயிரை விட்டுச் சேத்ததை மொத்தமாப் பாழாக்கிட்டீங்க" என்றேன். மனைவியை இழந்து வருஷம் திரும்பிய அன்று ஒரு மனுஷரிடம் இதைச் சொல்ல வைத்தாய் பார், அதற்குத்தான் உன்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.  பிறகு, "அந்தப் பொண்ணுங்க பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். ஆக்னஸ் என்று ஒருத்தி, மேபல் என்று ஒருத்தி, அதற்கு மேல் எனக்கு வரவில்லை. நீ ஒன்பதையும் மூச்சு விடாமல் சொல்வாய். அந்த ஒன்பது பேரும் உன்னோடு போய்விட்டார்கள், அவர் ஒரு தடவை உரித்தார் என்றால் எங்கேயும் எழுதி வைக்காமல் நீ அதற்கு முன்பே உரித்துவிட்டாய்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. நான் சிரிச்சிருக்க மாட்டேன்" என்றார். எனக்கு அப்போதுதான் அந்தப் பழைய ஜோக் அவருக்கும் ஞாபகம் இருக்கிறது என்று புரிந்தது.

பெட்டியை லைப்ரரிக்கு நானே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். அதைக் கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்து பின் சீட்டில் வைத்தார். கதவைச் சாத்தவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அவ வேற என்னவெல்லாம் உங்ககிட்ட சொன்னா?"

நான் என்ன சொல்லட்டும்? ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்று ஆஸ்பத்திரி பார்க்கிங் லாட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் மருந்து கேட்காதாம் என்று நீ சொன்னதையா? அதை அவரிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாயே, அதையா? அதற்குப் பிறகு நீ உயிரோடு இருந்த மூன்று வாரமும் அவர் உன்னை ஹவாய்க்குக் கூட்டிக்கொண்டு போக டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஹோட்டலில் வீல்சேர் வசதி இருக்கிறது என்று என்னிடமே கேட்டார். நானும் உன் பேச்சைக் கேட்டுப் பதில் சொன்னேன். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய மூன்று வாரம் அது. அதையும் நீ கராஜில் வைத்துப் பூட்டிவிட்டாய்.

"ஒண்ணும் இல்லண்ணா. படத்தைப் பத்தி மட்டும்தான் பேசுவா" என்றேன்.

அவர் நம்பவில்லை. அது முகத்தில் அப்படியே தெரிந்தது. இருந்தாலும் தலையை ஆட்டி, "சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

பெட்டியை லைப்ரரியில் கொடுத்துவிட்டேன், அது பத்திரமாக இருக்கிறது. அந்த "சரிம்மா"வை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். அது உனக்கு வந்து சேர வேண்டியது.